கரையான் தாண்டிப்போன தேக்கு

சென்ற தை மாதம் பொங்கலுக்காக ஊர் வீட்டைத் திறந்தபோது, இரண்டாங்கட்டு அறையின் நிலைக்காலில் மண்வரி ஒன்று ஏறியிருப்பதைக் கண்டேன். விரல் தடிமன் இருக்கும். ஈரச் செம்மண் நிறம். தரையிலிருந்து கிளம்பி, நிலையில் செதுக்கியிருந்த கொடிவேலைப்பாட்டின் மேல் வளைந்து வளைந்து ஏறி, சுவரோரம் நிறுத்தியிருந்த புத்தக அலமாரிக்குள் போய் மறைந்திருந்தது. எனக்கு நெஞ்சு பதைத்துவிட்டது. ஐயா காலத்தில் ரங்கூனிலிருந்து வந்த தேக்கு அது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் கரையான் எப்படிப் பெருகும் என்பது செட்டிநாட்டில் பூட்டிய வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

துடைப்பத்தின் அடிக்கட்டையால் மண்வரியைத் தட்டி உதிர்த்தேன். கீழே மரம் அப்படியே இருந்தது. ஒரு பல்தடம்கூட இல்லை. அலமாரியின் கதவை இழுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பலகையின் மேல்தோல் மட்டும் காகிதம் போல நிற்க, உள்ளே எல்லாம் மண். கீழ்த்தட்டில் இருந்த என் பழைய வகுப்புக் குறிப்புகள் பாதிக்கு மேல் போய்விட்டன. கரையானுக்குத் தேக்கு நிலை வெறும் பாதையாக இருந்திருக்கிறது. சாப்பாடு அலமாரியில்.

அந்த அலமாரி ஆறு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு கடையில் வாங்கியது. நியூசிலாந்துப் பைன், பூச்சி வராது என்று சொல்லித்தான் விற்றார்கள். விலையும் தேக்கில் கால்பங்கு. வெளிர் மஞ்சளில் முடிச்சு முடிச்சாகப் பார்க்க அழகாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

மறுநாள் ஆசாரி வந்தார். எங்கள் வீட்டுக்கு அவருடைய அப்பா காலத்திலிருந்தே வேலைசெய்கிறவர்கள். அலமாரியை ஒரு காலால் லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு மரமா ஆச்சி? பெட்டி அடிக்கிற சாமான்" என்றார்.

முப்பத்தோரு வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏமாந்த கோபத்தில் முந்தின இரவு நானும் அதையேதான் நினைத்திருந்தேன் என்பதால் கூடுதலாக உறுத்தியது. ஒரு மரம் நம் வீட்டில் ஏன் தோற்றது என்று கேட்பது வேறு, அது மரமே இல்லை என்பது வேறு. தேக்கு ஏன் நின்றது என்பதையும் நாம் கேட்பதில்லை. "பர்மாத் தேக்கு" என்று சொன்னதோடு பெருமை முடிந்துவிடுகிறது.

ஆசாரியிடம் இரண்டு துண்டு அறுத்துத் தரச் சொன்னேன். கரையான் எட்டாத மேல்தட்டிலிருந்து பைனில் ஒரு துண்டு. பின்கட்டில் வெகுநாளாகக் கிடக்கும் உத்தரத்துண்டிலிருந்து தேக்கில் ஒன்று. இரண்டின் வெட்டுமுகத்தையும் கூரிய உளியால் மழமழவென்று சீவித் தந்தார். தேக்கைச் சீவும்போது நடுவில் இரண்டு முறை உளியைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டார். தேக்கின் உடம்பில் சிலிக்கா, அதாவது மணலின் பொருள், நுண்துகளாக இருக்கிறது. எந்த உளியின் முனையையும் அது மழுக்கிவிடும். அவர் அதைப் "பல் உள்ள மரம்" என்கிறார்.

வெட்டுமுகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸை வைத்துப் பாருங்கள். அந்தச் சின்ன லென்ஸ் புத்தகக் கடையிலேயே கிடைக்கும். வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

தேக்கின் முகத்தில் ஊசியால் குத்தியது போலத் துளைகள் தெரியும். ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். வளையம் முடிய முடிய அவை சிறுத்து, அருகிவிடும். பைனின் முகத்தில் அப்படித் துளையே கிடையாது. வெளிர்பட்டை, கரும்பட்டை என்று வளையங்கள் மட்டும் மாறி மாறி வரும். எங்கோ ஒன்றிரண்டு புள்ளிகள் தென்பட்டால் அவை பிசின் ஓடும் கால்வாய்கள். என் தேக்குத் துண்டில் பத்து சென்டிமீட்டருக்குள் நாற்பது வளையம் எண்ணினேன். பைனில் அதே நீளத்தில் ஒன்பதுதான்.

துளை இருக்கிறது, துளை இல்லை. தேக்கு போன்ற பூக்கும் மரத்துக்கும் பைன் போன்ற கூம்பு காய்க்கும் மரத்துக்கும் உள்ள உறவும் பிரிவும் கட்டையிலேயே இப்படி எழுதியிருக்கிறது. பூவைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்தத் துளைகள் தண்ணீர்க் குழாய்கள். செல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைச்சுவர் கரைந்து, மண்ணுக்கடியில் பதித்த குழாய்போல நீளமாக ஓடுகின்றன. பைனில் அந்தக் குழாய் இல்லை. அங்கே இருப்பவை டிரக்கீடு என்னும் நீண்ட செல்கள். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளம், மயிரிழையைவிட மெல்லியவை, இரண்டு முனையும் மூடியவை. தண்ணீர் பக்கச்சுவரில் இருக்கும் குழிகள் வழியாக ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு ஏற வேண்டும். பைன் கட்டையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த ஒரே வகைச் செல்தான். தண்ணீர் ஏற்றுவதும் அதுதான், மரத்தை நிற்கவைப்பதும் அதுதான். தேக்கில் வேலைகள் பிரிந்துவிட்டன. ஏற்றுவது குழாயின் வேலை, தாங்குவது நாரின் வேலை.

தேக்கின் பெரிய குழாய்களின் அகலம் 0.3 மில்லிமீட்டர் வரை வரும். பைன் டிரக்கீடு அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. பத்து மடங்குதானே என்று நினைக்கக் கூடாது. குழாயின் அகலம் இரண்டு மடங்கானால் ஓடும் தண்ணீர் 16 மடங்காகும். அகலம் பத்து மடங்கானால் தண்ணீர் 10,000 மடங்கு. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டியபிறகு சற்று நேரம் யாரும் பேச மாட்டார்கள். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பருவமழைக் காட்டின் மரமான தேக்குக்கு அந்த வேகம் வேண்டும். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். மழை தொடங்கியதும் முறம் அகல இலைகளை ஒரே மூச்சில் விரிக்கும். அவ்வளவு இலைக்கும் உடனடியாகத் தண்ணீர் ஏற வேண்டுமே! ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய குழாய்கள் வரிசையாக நிற்பது அதற்குத்தான். பல தலைமுறைக்கு முன் பர்மாவில் பெய்த மழைக்கு மரம் திறந்த வாய்கள் அவை. நம் வீட்டுத் தூணின் அடிப்பாகத்தில் இன்றும் எண்ணலாம்.

பைனுக்கு அப்படிப்பட்ட அவசரம் இல்லை. அதற்குப் பயம் வேறு. அகலக் குழாயில் தண்ணீர் உறைந்து உருகினால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். குமிழி சிக்கினால் அந்தக் குழாய் முழுதும் செத்தது. ஒடுங்கிய டிரக்கீடில் அந்த ஆபத்து குறைவு. அப்படியே ஒரு செல்லில் காற்று புகுந்தாலும், குழியின் நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தட்டு நகர்ந்து வழியை அடைத்துவிடும். கிணற்று மூடி போலத்தான். ஒரு செல் போகும், மரம் பிழைக்கும். பனி கொட்டும் வடக்கு நாடுகளில் மைல் கணக்கில் ஊசியிலைக் காடு நிற்பதற்கு இது பெரிய காரணம். உலகத்திலேயே உயரமான மரமும் கூம்பு மரந்தான். கலிபோர்னியாவின் கடலோரச் செம்மரம் (ரெட்வுட், நம் ஊர்ச் செம்மரம் அல்ல), 115 மீட்டருக்கு மேல். அந்த உயரத்துக்கு மயிரிழைச் செல்களால் தண்ணீர் ஏற்றும் ஓர் உயிரைப் பார்த்துத்தான் நாம் "இதெல்லாம் மரமா" என்கிறோம்.

கரையானுக்கு வருகிறேன். எந்த மரத்திலும் தண்ணீர் ஏற்றுவது வெளிவட்டந்தான். உள்வட்டம் வேலையை முடித்துவிட்டு இறுகிக் கிடக்கும். பாடப்புத்தகத்தில் சாற்றுக்கட்டை, வைரக்கட்டை என்று போட்டிருக்கும். ஆசாரிகள் வெளிறு, வைரம் என்பார்கள். தேக்கு தன் உள்வட்டத்தை ஓய்வுக்கு அனுப்பும்போது இரண்டு காரியங்கள் செய்கிறது. பக்கத்து உயிர்ச்செல்கள் பலூன் போல உப்பிக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுகின்றன. அவ்வளவு அகலமான குழாய் இருந்தும் தேக்கில் மழைத்தண்ணீர் இறங்காததற்கும், கப்பல் கட்டியவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கியதற்கும் இது ஒரு காரணம். இரண்டாவது, டெக்டோகுவினோன் முதலிய கசப்புப் பொருள்களையும் ரப்பர் போன்ற ஒரு பசையையும் கட்டைக்குள் ஏற்றிவைக்கிறது. தேக்கை இழைக்கும்போது பழைய தோல்பையின் மணம் வருவதும், தொட்டால் லேசாக எண்ணெய் ஒட்டியது போலிருப்பதும் இவற்றால்தான். டெக்டோகுவினோன் கரையானுக்கு ஆகாது. எங்கள் நிலைக்காலின் மேல் அது மண்கூரை போட்டு நடந்து போனதே தவிர வாய் வைக்கவில்லை.

என் அலமாரியைச் செய்த ரேடியேட்டாப் பைனை நியூசிலாந்தில் பெரும்பாலும் முப்பது வருடத்துக்குள் வெட்டிவிடுகிறார்கள். அந்த வயதில் அதில் வெளிறுதான் மிகுதி. மாவும் சர்க்கரையும் உள்ள பலகை. ஒன்று சொல்ல வேண்டும். அந்த மரத்துக்கு மருந்து ஏற்றினால் நன்றாகக் குடித்துக்கொள்ளும். அடைபடாத செல்கள் ஆயிற்றே. முறையாக மருந்தேற்றிய பைனை மண்ணில் வேலிக்காலாக நடுகிற நாடுகள் இருக்கின்றன. எனக்கு விற்றவர்கள் மருந்து ஏற்றவில்லை, ஏற்றியதாகச் சொன்னார்கள். குற்றம் மரத்தின் மேல் விழுந்தது.

வைரம் என்றதும் தொல்காப்பியத்தின் மரபியல் நினைவுக்கு வருகிறது. உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல் என்று அது பிரிக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லாகிவிடும். இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிப்பதற்கு வெகு அருகில் வந்துவிட்ட பார்வை அது. பூவைப் பார்க்காமல் கட்டையைத் தொட்டுப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். தச்சரின் கண். அந்தக் கணக்கில் பைனும் ஐயமில்லாமல் மரம். ஆனால் நம் திணைகளின் பெயர்களைப் பாருங்கள்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஐந்தும் பூக்கும் செடிகள். நிலத்துக்கே பூவின் பெயர் வைத்த நமக்குப் பூக்காத மரத்தின்மேல் ஒட்டுதல் வராததில் வியப்பில்லை.

எங்கள் பின்கட்டுத் தோட்டத்தில் அப்பச்சி வைத்த தேக்கு ஒன்று நிற்கிறது. ஆடி, ஆவணியில் பூக்கும். பூ என்றால் நகக்கண் அளவு வெள்ளைப்பூ. ஆனால் உச்சாணியில் கொத்துக்கொத்தாக ஆயிரக்கணக்கில். வெயில் ஏறும் முன் மலரும், தேனீ வரும், அந்த ஒரு நாளோடு உதிரும். அத்தனை பூவில் காயாவது சொற்பம். காயும் காகிதப் பை மாதிரி உப்பிய ஓர் உறைக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே இருக்கும் கொட்டை அவ்வளவு கெட்டி. நாற்றங்காலில் அதை மாற்றி மாற்றி நனைத்துக் காயவைத்தால்தான் முளைக்கச் சம்மதிக்கும்.

அந்தப் பூவின் அமைப்பையும் பிற உறவுகளையும் பார்த்து, தேக்கை இன்று துளசிக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். புதினாவும் நொச்சியும் அங்கேதான். நம்பாதவர்கள் தேக்கின் இளங்கிளை ஒன்றை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டை இருக்கும். துளசித் தண்டிலும் அதே நான்கு பட்டை, அதே எதிரெதிர் இலை. வளவின் நடுவில் துளசிமாடத்தில் அப்பத்தா தண்ணீர் ஊற்றிய செடியும், வளவைச் சுற்றிக் கூரை தாங்கிய தூண்களும் ஒரே குடும்பம் என்பதை நான் படித்துவிட்டு வந்து சொன்னபோது அப்பத்தாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அதுதான் இரண்டும் வீட்டுக்குள் வந்திருக்கிறது" என்றார்கள்.

பெயரும் நம்முடையது. தமிழிலும் மலையாளத்திலும் தேக்கு என்றதைப் போர்ச்சுக்கீசியர் "டேக்கா" என்று கொண்டுபோக, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு "டீக்" ஆயிற்று. 1782-இல், உயிர்களுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மகன் வைத்த அறிவியல் பெயரான டெக்டோனா கிராண்டிஸிலும் அந்த ஓசை கேட்கிறது.

பைனின் பிள்ளைப்பேறு வேறு கதை. வண்ணம் இல்லை, தேன் இல்லை, தேனீயை அழைப்பதில்லை. ஆண்கூம்பு மகரந்தத்தைக் காற்றில் தூவும். ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு பக்கமும் காற்றுப்பை. பெண்கூம்பின் செதிலில் சூல் எந்த மூடலும் இல்லாமல் திறந்து கிடக்கும். திறந்தவிதைத் தாவரம் என்று பெயர் வந்தது அதனால்தான். தேக்கில் சூலகம் என்ற அறைக்குள் பூட்டியிருப்பது இங்கே திண்ணையில் இருக்கிறது. சூலின் வாயில் ஒரு துளி திரவம் ஊறும். பறந்து வந்த மகரந்தம் அதில் ஒட்டும். துளி உள்வாங்கும்போது மகரந்தமும் உள்ளே போகும். பிறகு காத்திருப்பு. மகரந்தம் வந்து சேர்ந்த பிறகு கருவுற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். தேக்கின் பூவோ ஒரு நாளில் காரியத்தை முடித்துக்கொண்டு உதிர்ந்துவிடும்.

வகுப்பில் நான் சொல்லும் ஓர் உவமை உண்டு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். செட்டிநாட்டு வீட்டில் பெண் பிறந்ததிலிருந்தே தாய் சாமான் சேர்ப்பாள். பித்தளை, எவர்சில்வர், பாய், பெட்டி என்று அறை நிறையும். மாப்பிள்ளை யாரென்று யாருக்கும் தெரியாது. பைன் அப்படித்தான். விதைக்குள் குஞ்சுச்செடி உண்ணப்போகும் உணவுத்திசுவைக் கருவுறுவதற்கு முன்பே சேர்க்கத் தொடங்கிவிடும். கருவே உண்டாகாமல் போனால் அந்தச் செலவு வீண். பூக்கும் தாவரம் கணக்குப் பார்க்கும். மகரந்தக் குழாய் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுவரும். ஒன்று கருவாகும், மற்றொன்று உணவுத்திசுவைத் தொடங்கிவைக்கும். கரு உறுதியானபிறகே சமையல். இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்ய அறிவியலாளர் நவாஷின் 1898-இல் கண்டறிந்தார். நாம் சோறாக உண்ணும் அரிசியின் வெள்ளை முழுதும் அந்த இரண்டாம் அணுவின் வழி வந்தது.

கூம்பு மரங்கள் ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. பூ வந்தது அதில் பாதிக் காலத்தில். இன்று கூம்பு மரங்களில் அறுநூற்றுச் சொச்சம் இனங்கள், பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ மூன்று லட்சம். இந்த எண்ணிக்கையைச் சொல்லி முன்னது தோற்றது, பின்னது வென்றது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இனம் குறைவு, ஆனால் நின்ற இடங்களில் பரந்து நிற்கின்றன.

பைனைப் பற்றிப் பேசினாலே என் மாணவர்கள் சவுக்கைக் காட்டுவார்கள். கல்யாணப் பந்தலுக்கு நடுகிற அதே சவுக்கு. ஊசி ஊசியாக இருக்கிறது, கூம்பு மாதிரிக் காய் இருக்கிறது, அப்புறம் என்ன டீச்சர் என்பார்கள். அந்த ஊசியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கச் சொல்வேன். கணுக்கணுவாகப் பிரிந்து வரும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாகச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள்தான் இலை, ஊசி என்று நினைத்தது குச்சி. சவுக்கு பூக்கும் மரம். வெட்டுமுகத்தில் துளை இருக்கும். பைனின் ஊசி உண்மையான இலை. ரேடியேட்டாவில் மும்மூன்றாகக் கட்டுக்கட்டியிருக்கும். கொடைக்கானலில் சுற்றுலாப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் வைத்து வளர்த்ததுதான். தென்னிந்தியாவுக்கென்று இயற்கையாக உள்ள கூம்பு மரம் ஒன்றே ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் நிற்கும் நாகேயா வாலிச்சியானா. அதற்கு ஊசியே கிடையாது, அகன்ற இலை. அதன் அருகில் நின்றால் எந்தப் பெயரும் நாவில் வராது. நான் ஒரே முறை பார்த்திருக்கிறேன்.

வியாபாரத்தில் பூக்கும் மரங்களையெல்லாம் வன்மரம் என்றும் கூம்பு மரங்களையெல்லாம் மென்மரம் என்றும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் முருங்கை வன்மரம். இந்தப் பெயர்களைக் கைவிட்டால் நல்லது.

பைன் வெளியூர் மரம்தானே என்று ஆசாரி கேட்டார். பர்மாத் தேக்கு மட்டும் உள்ளூரா? எங்கள் ஆட்கள் வட்டிக்கடை வைக்கக் கப்பலேறிய நாட்டில், ஒவ்வொரு தேக்கையும் நின்றபடியே சாகவிட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் வளையமாக வெட்டினால் தண்ணீர் ஏறும் வழி அறுந்துவிடும். இரண்டு மூன்று வருடம் நின்றே காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்தபிறகு வெட்டி, யானையை வைத்து இழுத்து, ஐராவதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள். 1856-இல் அங்கே காட்டுப் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் பிராண்டிஸ், எத்தனை மரத்துக்கு இப்படி வளையம் வெட்டலாம் என்று எண்ணிக்கை வைத்தார். எங்கள் வீட்டு நிலை அந்த வழியில் வந்ததுதான். இந்த வீடுகளை இடித்துத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுக்கி விற்பதைப் பார்க்கும்போது, அந்த மரங்கள் இரண்டாம் முறை வெட்டுப்படுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தெரு வழியாகப் போவதை நான் கூடியமட்டும் தவிர்க்கிறேன்.

கூம்பு மரமும் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதில்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து சொன்னார். அது கூம்பு மர வகை. தேக்கோ துளசியோ உலகில் தோன்றியிராத நாளில் அது இந்த மண்ணில் நின்றிருக்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துப்போகும்போதெல்லாம் வேலிக்கு இப்பால் நின்று கும்பிட்டிருக்கிறேன்.

பைன் நம் தேக்குக் கதவின் மேலேயே இருந்திருக்கிறது என்பதையும் ஆசாரியிடம் சொன்னேன். பழைய கதவுகளுக்குத் தேன்மெழுகைக் கரைத்துப் பூச அவருடைய அப்பா வாங்கிவைத்திருந்த டர்பன்டைன், இமயமலைச் சிர் பைனின் பட்டையைக் கீறி வடித்த பிசினிலிருந்து இறக்கியது. வடித்தபின் மிஞ்சும் ரோசினைத்தான் கச்சேரி மேடையில் வயலின் வில்லில் தேய்க்கிறார்கள். அந்த வயலினின் முன்பலகை ஸ்ப்ரூஸ், கூம்பு மரம். பின்பலகை மேப்பிள், பூக்கும் மரம். ஒன்று அதிர, மற்றொன்று தாங்குகிறது. ஆசாரி சற்று நேரம் பைன் துண்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவின் கை இப்படித்தான் மணக்கும்" என்றார்.

அலமாரியின் தப்பிய பலகைகளை என்ன செய்வது என்று பேசினோம். மேல்மாடி அறை காய்ந்த அறை, சிமெண்ட் தரை, ஈரம் ஏறாது. பூச்சி அண்டாமலிருக்கப் போராக்ஸ் (வெண்காரம்) கரைசல் பூசி, சுவரில் ஒட்டாமல் இரும்புக்கால் வைத்து அங்கே நிறுத்தலாம் என்று முடிவாயிற்று. கீழே இருக்கும் அறைக்கு அவரே தேக்கு வாங்கி வந்தார். நம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த மரம், இருபது இருபத்தைந்து வயது. 1990-களில் தேக்கில் பணம் போட்டால் இருபது வருடத்தில் கோடியாகும் என்று நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருந்தார்கள். அந்த வயதுத் தேக்கில் வைரம் எவ்வளவு என்று யாரும் வெட்டுமுகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பலகையாகப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர்நிறம். வெளிறு. வண்டு துளைத்து மாவாகக் கொட்டும் உளுப்பு அங்கேதான் தொடங்கும். உளுக்கும் வண்டு கட்டையின் குழாய்த்துளைக்குள் முட்டையிடும். துளை இல்லாததால் பைனை அந்த வண்டு தொடுவதில்லை. தேக்குக்கு நேரும் இந்தக் கேட்டிலிருந்து பைனுக்கு விலக்கு.

இதைச் சொன்னதும் ஆசாரி பலகையை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நூலைச் சுண்ணாம்பில் தோய்த்து, வைரமும் வெளிறும் சேரும் இடத்தில் கோடு அடித்தார். மாலைவரை அறுத்தார். முகப்பில் ஓரமாக ஒதுக்கிப்போட்ட வெளிறுத்துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். வாங்கிய மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்தது. அலமாரி நான் கேட்டதைவிட ஒரு தட்டு குறைந்துவிட்டது. "பரவாயில்லை, மேல்மாடியில் அந்தப் பைன் தட்டு இருக்கிறதே ஆச்சி, மிச்சப் புத்தகத்தை அதில் வையுங்கள்" என்றார்.